கடுங்கிட்டப்பார்வையும் விழித்திரைக் கேடுகளும்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்மேற்கு மூலையில், கர்நாடகமும் தமிழ்நாடும் வந்து கூடும் எல்லையை ஒட்டி அமைந்தது ராமகுப்பம் மண்டலம். 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமான போதும் ராமகுப்பம் சித்தூருடனேயே நின்றுவிட்டது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து வழங்கும் இப்பகுதியில் நிலமும் கறவை மாடும் மல்பெரித் தோட்டமும் பல குடும்பங்களின் பிழைப்புக்கு ஆதாரம். பட்டுப்புழு வளர்ப்போருக்கும் தையல் வேலை செய்வோருக்கும் ஏட்டைப் புரட்டும் மாணவருக்கும் கண்ணே முதல்.

இத்தகைய ஊரின் பள்ளியொன்றில் கண் பரிசோதனை நடக்கும் நாளை எண்ணிப் பார்க்கலாம். ஆறு மீட்டர் தொலைவில் எழுத்துப் பலகை மாட்டப்படுகிறது. மாணவர் ஒவ்வொருவராக ஒரு கண்ணை மூடி எழுத்துகளைப் படிக்கின்றனர். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தடித்த கண்ணாடி அணிந்து வருகிறாள். கண்ணாடியின் எண் மைனஸ் 8. கண்ணாடியுடன் கடைசிக்கு முந்திய வரிவரை தடையின்றிப் படித்துவிடுகிறாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ‘குறையில்லை’ என்று எழுதப்படுகிறது. எழுத்துப் பலகையைப் பொறுத்தவரை அது சரியான பதிவுதான். ஆயினும் அக்கண்ணின் பின்சுவர் எந்நிலையில் உள்ளது என்பதை எழுத்துப் பலகை காட்டாது. முப்பது, நாற்பது வயதில் அந்தப் பின்சுவரில் தோன்றக்கூடிய கேடுகளும், அவற்றைக் காலத்தில் கண்டறியும் வழிகளும் கண்ணொளித் திட்டங்களில் பணியாற்றுவோர் அறிந்திருக்க வேண்டியவை.

நீண்டு போன கண்

கண்ணுக்குள் நுழையும் ஒளி விழித்திரையின் மீது குவிந்தால் உருவம் தெளிவாகத் தெரியும். முழு வளர்ச்சியடைந்த கண்ணின் நீளம், முன்பின்னாக அளந்தால், ஏறத்தாழ 23.5 முதல் 24 மில்லிமீட்டர். இந்நீளம் மிகும்போது ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது; தொலைவிலுள்ளவை மங்குகின்றன. ஒரு மில்லிமீட்டர் நீண்டால் கண்ணாடியின் எண் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டயாப்டர் ஏறும். மைனஸ் 6 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணைக் கடுங்கிட்டப்பார்வை என்று பொதுவாக வகைப்படுத்துவர். அத்தகைய கண்களின் நீளம் பெரும்பாலும் 26 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும்.

எண்ணின் பொருளை மாணவர் எளிதில் கணக்கிட்டுக்கொள்ளலாம். 100ஐக் கண்ணாடி எண்ணால் வகுத்தால், கண்ணாடியின்றித் தெளிவாகத் தெரியும் மிகத் தொலைவான இடம் சென்டிமீட்டரில் கிடைக்கும். மைனஸ் 6 உடையவருக்கு அது 17 சென்டிமீட்டர். மைனஸ் 10 உடையவருக்கு வெறும் 10 சென்டிமீட்டர். அதற்கப்பால் உள்ளவை எல்லாம் மங்கல்தான். ஆனால் அந்தச் சிறு எல்லைக்குள் அவர் பார்வை கூர்மையானது. அறுபது வயதிலும் கண்ணாடியின்றி ஊசியில் நூல் கோக்கும் பாட்டியை இளங்கண் படைத்தவர் என்று ஊரார் வியப்பதுண்டு. அவருக்குக் கிட்டப்பார்வை இருப்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். கிட்டத்து வேலை தடையின்றி நடப்பதால் கண்ணில் வேறு கோளாறு இராது என்று குடும்பத்தினர் எண்ணிவிடுவதும் இயல்பு.

கண்ணாடி குவியத்தை மட்டுமே திருத்துகிறது. நீண்டு போன கண்ணின் நீளத்தை அது குறைப்பதில்லை. இளம் வயதினரிடையே இன்று பரவியுள்ள லேசர் திருத்த அறுவைக்கும் இது பொருந்தும். லேசர், கண்ணின் முன்பகுதியான கருவிழிப் படலத்தின் வளைவை மாற்றுகிறது; பின்சுவர் முன்பு இருந்தபடியே இருக்கும். திருமணத்தை ஒட்டியோ வேலைத் தேர்வை ஒட்டியோ லேசர் சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றி வைத்தவர், தம் கண் நோய் தீர்ந்தது என்று கருதி மருத்துவரிடம் செல்வதையே நிறுத்திவிடுகிறார். கண்ணாடி அணிந்தவரையாவது எண்ணைப் பார்த்து அடையாளம் காண முடியும். இவரை அவ்வாறு அடையாளம் காணவும் இயலாது.

பின்சுவரின் மூன்று அடுக்குகள்

கண்ணின் பின்சுவர் மூன்று முக்கிய அடுக்குகளால் ஆனது. வெளியே உறுதியான வெண்படலம். உள்ளே ஒளியை உணரும் விழித்திரை. இவ்விரண்டுக்கும் நடுவே இரத்தக் குழல்கள் நிறைந்த கோராயிடு என்னும் படலம். கண்ணுக்கு வரும் இரத்தத்தில் மிகப் பெரும் பங்கு இந்தக் கோராயிடு வழியாகவே ஓடுகிறது. விழித்திரையின் வெளிப் பகுதியில், குறிப்பாகக் கூர்ந்த பார்வைக்கு நிலைக்களமான மாக்குலாவின் நடுவில், தனியான இரத்தக் குழல்கள் இல்லை. அங்குள்ள ஒளியுணர் செல்களுக்கு உணவும் உயிர்வளியும் கோராயிடிலிருந்தே கசிந்து சேர வேண்டும். கோராயிடுக்கும் விழித்திரைக்கும் இடையே புரூக் படலம் என்ற மெல்லிய தடுப்பு உள்ளது.

கண் நீளும்போது இம்மூன்றும் இழுபட்டு மெலிகின்றன. இயல்பான கண்ணில் மாக்குலாவுக்கு அடியில் கோராயிடின் தடிமன் கால் மில்லிமீட்டரும் அதற்குச் சற்று மேலும் இருக்கும். கடுங்கிட்டப்பார்வைக் கண்ணில் அது பல வேளைகளில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடுகிறது. வயது ஏற ஏற மேலும் மெலிகிறது. இளமையில் தெளிவாகப் பார்த்த கண், நடு வயதில் திடீரெனத் தளர்வதற்கு மூலகாரணம் இந்த மெலிவே. வெண்படலமும் மெலிந்தபின் கண்ணின் பின்புறத்தில் ஒரு பகுதி தனியே வெளிநோக்கிப் புடைக்கும். பின்புடைப்பு எனப்படும் இது, காற்று நிரம்பிய பழைய டயர்க் குழாய் மெலிந்த இடத்தில் உப்புவதைப் போன்றது. அமெரிக்க மருத்துவர் கர்ட்டின் 1977இல் இப்புடைப்புகளைப் பத்து வகைகளாகப் பிரித்து விளக்கினார். புடைப்பு எங்கு அமைகிறதோ அங்கேதான் கேடுகள் பெரும்பாலும் திரளுகின்றன.

இந்த மாற்றங்களுக்கு 2015இல் உலக அளவிலான பொது வகைப்பாடு ஒன்று வகுக்கப்பட்டது. ஜப்பானிய மருத்துவர் கியோகோ ஓனோ-மட்சுயியின் தலைமையில் பல நாட்டு வல்லுநர் கூடிச் செய்த பணி இது. முதற்படியில் விழித்திரையின் அடியிலுள்ள கோராயிடுக் குழல்கள் கோடுகோடாக வெளித் தெரிகின்றன. இதனால் மட்டும் பார்வை குன்றுவதில்லை. இரண்டாம் படியில் பின்பகுதி மஞ்சளித்து வெளிறுகிறது. மூன்றாம் படியில் கோராயிடு அறவே அற்றுப்போன வெண்திட்டுகள் தோன்றுகின்றன. அத்திட்டு மாக்குலாவின் நடுவையே விழுங்கிவிடுவது நான்காம் படி. இரண்டாம் படியும் அதற்கு மேலும் சென்ற கண்களையே நோயுற்ற கிட்டப்பார்வைக் கண்கள் என்கின்றனர். இப்படிகளில் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆயினும் எந்தப் படியிலும் குறுக்கே வந்து பார்வையைச் சில வாரங்களில் பறிக்கக்கூடிய கேடு ஒன்று உண்டு.

புதுக் குழல்களும் இரத்தக் கசிவும்

இழுபடும் புரூக் படலம் ஒரு கட்டத்தில் மயிரிழை போல் விரிகிறது. காய்ந்த வண்ணப்பூச்சில் காணும் வெடிப்பை ஒத்த இக்கோடுகளை மருத்துவர்கள் அரக்கு வெடிப்புகள் என்று அழைப்பர். வெடிக்கும்போது சிறு இரத்தக் கசிவு ஏற்படலாம். அது தானே வற்றிப் பார்வை பெரும்பாலும் மீண்டுவிடும். ஆபத்து அதற்குப் பின்னர் வருகிறது. அந்த வெடிப்பின் வழியே கோராயிடிலிருந்து புதிய இரத்தக் குழல்கள் முளைத்து விழித்திரைக்கு அடியில் புகுகின்றன. புதுக் குழல்கள் உறுதியற்றவை. நீரும் இரத்தமும் கசிகின்றன. நோயாளிக்கு நேர்கோடு வளைந்து தெரிகிறது. முகத்தைப் பார்த்தால் மூக்கு இருக்குமிடத்தில் கரும்புள்ளி மறைக்கிறது. காலப்போக்கில் குழல்கள் வற்றிக் கருந்தழும்பாக மாறுகின்றன. 1901இல் வியன்னா மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் விவரித்ததால் அத்தழும்புக்கு அவர் பெயர் வழங்குகிறது; அவருக்கும் முன்னரே 1862இல் ஃபோர்ஸ்டர் அதைக் குறித்திருந்தார்.

தழும்போடு நோய் நிற்பதில்லை. தழும்பைச் சுற்றிக் கோராயிடும் விழித்திரையும் ஆண்டுதோறும் மேலும் தேய்கின்றன. சிகிச்சையின்றி விடப்பட்ட இத்தகைய கண்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்த ஜப்பானிய ஆய்வு ஒன்று 2003இல் வெளியாயிற்று. கண்களின் எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் அதன் முடிவு கடுமையானது. ஐந்தாண்டில் பத்தில் ஒன்பது கண்கள் 6/60 அல்லது அதற்கும் கீழான பார்வைக்குச் சரிந்தன; பத்தாண்டில் ஏறத்தாழ எல்லாமே சரிந்தன. ஒரு கண்ணில் புதுக்குழல் தோன்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எட்டு ஆண்டுகளுக்குள் மறு கண்ணிலும் தோன்றுவதாக அதே காலத்து மற்றோர் ஆய்வு காட்டியது.

முதுமையில் வரும் மாக்குலாத் தேய்விலும் இதே போன்று புதுக்குழல்கள் முளைப்பது உண்டு. ஆனால் அது அறுபதைக் கடந்தவரின் நோய். கிட்டப்பார்வைப் புதுக்குழலோ உழைக்கும் வயதினரைத் தாக்குவது. குடும்பத்தைத் தாங்கும் முப்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி, பட்டுக்கூட்டின் தரத்தைக் கண்ணால் பிரித்தறிய முடியாமல் போகும் நிலையை எந்தப் புள்ளிவிவரமும் தனியே பதிவதில்லை.

இதற்கான சிகிச்சை கடந்த இருபது ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டது. 2000ஐ ஒட்டி வந்த ஒளியியக்கச் சிகிச்சையில் மருந்தை நரம்பில் செலுத்திக் குறைந்த ஆற்றலுள்ள லேசரைக் கண்ணில் பாய்ச்சுவர். அதனால் பார்வை மேலும் குறையாமல் சில காலம் நிற்கும், மீள்வது அரிது. அதன்பின் இரத்தக்குழல் வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் மருந்துகள் வந்தன. இவற்றைக் கண்ணுக்குள் நேரே ஊசியாகச் செலுத்துகின்றனர். ரானிபிசுமாப் என்ற மருந்து ஒளியியக்கச் சிகிச்சையைவிடத் தெளிவாக மேலானது என்பதைப் பல நாடுகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. முதியோருக்குப் போல் மாதந்தோறும் ஊசி தேவைப்படுவதில்லை; பெரும்பாலோருக்கு முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஊசிகளே போதுமானதாக இருந்தன. பெருங்குடல் புற்றுநோய்க்கென 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெவசிசுமாப் என்ற மருந்தையும் கண் மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். ஒரு குப்பியைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்பதால் செலவு பன்மடங்கு குறைகிறது. பிரிக்கும் இடத்தில் கிருமிநீக்கம் சற்றே தவறினாலும் கண்ணே போய்விடும் என்பதால் முறையான மருந்துக்கூட வசதி இன்றியமையாதது. ரானிபிசுமாபுக்கு நிகரான உயிரியல் மருந்து 2015இல் இந்தியாவிலேயே தயாராகி விற்பனைக்கு வந்தது.

இவ்வளவு இருந்தும் பயன் ஒன்றைப் பொறுத்தது: கோடு வளையத் தொடங்கி எத்தனை நாளில் நோயாளி மருத்துவரிடம் வந்தார் என்பது. தழும்பு விழுந்தபின் எந்த ஊசியும் அதைக் கரைக்காது.

விளிம்பில் விழும் ஓட்டை

கேடு எப்போதும் நடுவில்தான் வரும் என்பதில்லை. நீண்ட கண்ணின் விளிம்புப் பகுதியிலும் விழித்திரை மெலிந்து, பின்னல் வேலை போன்ற கோடுகளுடன் கூடிய திட்டுகள் காணப்படும். கண்ணின் உட்புறத்தை நிரப்பியுள்ள விட்ரியஸ் என்னும் கூழ்ப்பொருள் கிட்டப்பார்வைக் கண்ணில் இளமையிலேயே நீர்த்து, விழித்திரையிலிருந்து விலகத் தொடங்குகிறது. விலகும்போது ஒட்டியுள்ள இடத்தைப் பிய்த்தால் ஓட்டை விழும். ஓட்டை வழியே நீர் புகுந்து, சுவரிலிருந்து சுண்ணாம்புப் பூச்சு பெயர்வது போல் விழித்திரை பெயர்ந்துவிடும். 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, மைனஸ் 1 முதல் 3 வரை எண்ணுள்ளவருக்கு இந்த ஆபத்து இயல்பான கண்ணைப் போல் நான்கு மடங்கு என்றும், மைனஸ் 3க்கு மேல் பத்து மடங்கு என்றும் கண்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை விழித்திரை பெயர்ந்தால் குருடு என்பதே விதியாக இருந்தது. ஓட்டையே நோயின் காரணம், அதை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் ஜூல் கோனன் 1920களில் நிறுவிக் காட்டினார். சக மருத்துவர் பலர் நீண்ட காலம் அதை நம்பவில்லை. வெண்படலத்தின் மேல் பட்டை வைத்து அழுத்தும் அறுவை 1950ஐ ஒட்டியும், கண்ணுக்குள் நுண்கருவி செலுத்தி விட்ரியஸை அகற்றும் அறுவை 1970களிலும் வந்தன. தென்னிந்தியாவில் இத்துறை வேரூன்றியதில் சென்னையில் 1978இல் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

பெயர்ச்சிக்கு முன்னறிவிப்பு உண்டு. இருட்டில் மின்னல் போல் ஒளிக்கீற்று தெரிதல், கொசுக்கூட்டம் போல் கரும்புள்ளிகள் திடீரெனப் பறத்தல், ஓரத்திலிருந்து திரை இழுத்தாற்போல் பார்வை மறைதல் ஆகியவை அவை. முதலிரண்டு நிலையில் வந்தால் ஓட்டையைச் சுற்றி லேசர் வைத்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். திரை விழுந்தபின் வந்தால் பெரிய அறுவை. மாக்குலாவும் பெயர்ந்தபின் வந்தால் அறுவை வென்றாலும் பழைய கூர்மை கிட்டுவது அரிது. எனினும் விளிம்பில் பின்னல் திட்டு உள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே லேசர் வைப்பது தேவையற்றது. மக்களில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பேர் வரை இத்திட்டு உடையவர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு விழித்திரை வாழ்நாள் முழுதும் பெயர்வதில்லை. அச்சமூட்டிச் செய்யும் சிகிச்சையும் ஒருவகைக் கேடே.

கணக்கில் வராத குருடு

பார்வையிழப்புத் தடுப்புக்கெனத் தேசியத் திட்டம் ஒன்றை 1976இல் தொடங்கிய இந்தியா, அத்துறையில் உலக நாடுகளுக்கு முன்னோடி. பள்ளி மாணவர் கண் பரிசோதனை 1994 முதல் அதன் அங்கமாயிற்று. அதே ஆண்டு தொடங்கி 2002 வரை உலக வங்கி உதவியுடன் ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டத்தில் ஆந்திரமும் தமிழ்நாடும் இடம்பெற்றன. 2001–02 கணக்கெடுப்பில் 1.1 விழுக்காடாக இருந்த பார்வையின்மை, 2015–19 கணக்கெடுப்பில் 0.36 விழுக்காடாக மதிப்பிடப்பட்டது. இடையே 2017இல் பார்வையின்மையின் வரையறையே 6/60இலிருந்து 3/60ஆக மாற்றப்பட்டதால் இரு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது. எனினும் கண்புரை அறுவையின் வெற்றி மறுக்க முடியாதது.

அவ்வெற்றியே இன்னொன்றை மறைத்தும் விடுகிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரை விரைவாக ஆய்வு செய்யும் கணக்கெடுப்பு முறை கண்புரையை அளக்கவென உருவானது. கிட்டப்பார்வையால் வரும் மாக்குலாத் தேய்வுக்கு அதில் தனிக் கட்டம் கிடையாது. ‘பிற பின்கண் நோய்கள்’ என்ற பொதுத் தலைப்பில் அது கரைந்துவிடுகிறது. தனியே எண்ணிப் பார்த்த நாடுகளில் படம் வேறாக உள்ளது. பெய்ஜிங் ஆய்வில் நாற்பது வயதைக் கடந்தோரில் 3.1 விழுக்காட்டினருக்கும், ஆஸ்திரேலிய நீலமலை ஆய்வில் 1.2 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை விழித்திரை நோய் இருந்தது. ஜப்பானின் தஜிமி நகரில் ஒரு கண் பார்வையிழப்புக்கான காரணங்களில் அதுவே முதலிடம் பெற்றது.

ஆந்திரத்துக்குரிய மிகச் சிறந்த சான்று, ஐதராபாத்தின் எல். வி. பிரசாத் கண் ஆய்வகம் 1996 முதல் 2000 வரை நான்கு பகுதிகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பரிசோதித்து நடத்திய கண் நோய் ஆய்வு. பார்வையின்மை 1.84 விழுக்காடு, அதில் 44 விழுக்காடு கண்புரையாலும், 16.3 விழுக்காடு கண்ணாடி அணியாத ஒளிவிலகல் குறையாலும் ஏற்பட்டவை என்று அது கண்டது. நாற்பது வயதைக் கடந்தோரில் 34.6 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வையும், 4.5 விழுக்காட்டினருக்கு மைனஸ் 5ஐத் தாண்டிய கிட்டப்பார்வையும் இருந்தன. இவ்வெண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். முதுமையில் விழிலென்சின் நடுப்பகுதி இறுகிக் கண்புரையாகும்போதும் மைனஸ் எண் ஏறும். அது லென்சால் வந்த கிட்டப்பார்வை. கண் நீண்டதால் வந்ததன்று. விழித்திரைக்கு இடர் விளைப்பது நீண்ட கண்ணே.

இரண்டையும் பிரித்தறியும் கருவி எங்கோ தொலைவில் இல்லை. கண்புரை அறுவைக்கு முன் செயற்கை லென்சின் ஆற்றலைக் கணக்கிட, ஒலியலையாலோ ஒளியாலோ கண்ணின் நீளத்தை அளக்கின்றனர். கண்புரை அறுவை நடக்கும் மருத்துவமனைகளில் இவ்வளவு அன்றாடம் எடுக்கப்பட்டு, லென்சைத் தேர்ந்தபின் கோப்பில் மறக்கப்படுகிறது. 26 மில்லிமீட்டரைத் தாண்டிய ஒவ்வொரு கண்ணையும் ஒரு தனிப் பட்டியலில் எழுதி வைத்தாலே மாவட்டத்துக்கு ஒரு கடுங்கிட்டப்பார்வைப் பதிவேடு செலவின்றி உருவாகிவிடும். அதே நபரின் மக்களையும் அழைத்துப் பார்ப்பதும் பொருத்தமானது. கிட்டப்பார்வை குடும்பத்தில் தொடர்வது.

ராமகுப்பத்திலிருந்து செல்லும் வழி

ராமகுப்பத்தில் வாழ்பவருக்கு முதல் நகரம் குப்பம். அங்கு பி. இ. எஸ். மருத்துவக் கல்லூரி உள்ளது. குப்பத்தில் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியை அடைந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஷெல் கண் மருத்துவமனைக்குச் செல்லலாம். அதே பாதை சென்னை வரை நீளும். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. வடகிழக்கே பலமனேர், சித்தூர் வழியாகச் சாலையில் சென்றால் திருப்பதி. அங்கு 2019 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்குகிறது. மூன்று மாநில எல்லையில் இருப்பது இவ்வகையில் வாய்ப்பே. ஆனால் மாநில அரசின் காப்பீட்டு அட்டை எல்லைக்கு அப்பால் எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை முன்னரே விசாரித்து வைத்திருக்க வேண்டும். விழித்திரை பெயர்ந்த நாளில் அதை விசாரித்துக்கொண்டிருக்க நேரமிராது.

ஆந்திரத்தில் 2018இல் சமுதாய சுகாதார நிலையங்களில் விழித்திரைப் படக்கருவி வைத்து, படத்தைத் தொலைவிலிருந்து மருத்துவர் பார்க்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. 2019 அக்டோபர் 10 அன்று தொடங்கிய கண்டி வெலுகு திட்டம் முதற்கட்டத்தில் ஏறத்தாழ 70 லட்சம் பள்ளி மாணவரை இலக்காகக் கொண்டது. இத்தகைய பெருமுயற்சிகளில் கண்ணாடி வழங்குவதே கண்ணுக்குத் தெரியும் பயன். எண்ணிக்கையும் அதைக்கொண்டே கூறப்படுகிறது. மைனஸ் 6ஐத் தாண்டிய மாணவரை மட்டும் பிரித்தெடுத்து ஆண்டுக்கொரு முறை பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்கச் செய்வது, பரிசோதிக்கப்பட்டோரில் மிகச் சிலருக்கே தேவைப்படும் பணி. படக்கருவியும் இதற்கு ஓரளவே உதவும். வழக்கமான படம் விழித்திரையின் நடுப்பகுதியைத்தான் காட்டும். விளிம்பில் உள்ள ஓட்டையைக் காண, தலையில் அணியும் விளக்குடன் மருத்துவர் நேரில் பார்த்தாக வேண்டும்.

எண் ஏறாமல் தடுப்பது

கேடு வந்தபின் செய்வதைவிடக் கண் நீளாமல் தடுப்பதே சிறந்தது. எண் ஒரு டயாப்டர் குறைந்தால் மாக்குலாத் தேய்வின் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவதாக 2019இல் வெளியான பகுப்பாய்வு மதிப்பிட்டது. சீனத்தின் குவாங்சோ நகரில் முதல் வகுப்பு மாணவரை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விளையாட விட்டனர். மூன்றாண்டில் அவர்களுள் புதிதாகக் கிட்டப்பார்வை பெற்றோர் 30.4 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காடு. 2015இல் வெளியான இம்முடிவுக்கு மருந்தோ கருவியோ தேவைப்படவில்லை. பகல் வெளிச்சம் மட்டுமே போதுமாயிற்று. கிட்டப்பார்வை தொடங்கிவிட்ட குழந்தைக்குக் குறைந்த அடர்த்தியுள்ள அட்ரோபின் சொட்டு மருந்து எண் ஏறும் வேகத்தைத் தணிப்பதை சிங்கப்பூர், ஹாங்காங் ஆய்வுகள் காட்டியுள்ளன. இதை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே இட வேண்டும்.

2002இல் வெளியான இரு ஆய்வுகளின்படி, அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகர் மாவட்டச் சிற்றூர்களில் பள்ளிவயதுப் பிள்ளைகளில் 4.1 விழுக்காட்டினருக்கும் டில்லியில் 7.4 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. 2015இல் வெளியான டில்லிப் பள்ளி ஆய்வில் இவ்வெண் 13.1 விழுக்காடு. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இருந்த முன்னிலைக்கு வயல்வெளியும் திடலும் துணைநின்றிருக்க வேண்டும். மாலை விளையாட்டு நேரத்தை எடுத்துச் சிறப்பு வகுப்புக்குக் கொடுக்கும் பள்ளி, அந்த முன்னிலையை விட்டுக்கொடுக்கிறது. மூன்று, நான்கு வயதிலேயே மைனஸ் 6ஐத் தாண்டிய குழந்தையின் நிலை வேறு. அங்கே படிப்புப் பளு காரணமாக இருக்க முடியாது. பிறவி நோய்க்கூறு எதுவும் உள்ளதா என்று முழு உடலையும் ஆராய வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் ஊர்திக் குழுக்கள் அங்கன்வாடியிலேயே இத்தகைய குழந்தைகளைக் கண்டறிய வாய்ப்புள்ளது.

பார்வை மீளாத நிலையை அடைந்தவருக்கும் வழி அடைபட்டதன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் குறைபார்வையைத் தனி வகையாக ஏற்றுள்ளது. சிறந்த கண்ணாடியுடனும் நல்ல கண்ணில் 6/18க்குக் கீழ்ப்பட்ட பார்வையுள்ளவர் சான்றிதழுக்கு மருத்துவக் குழுவை நாடலாம். மாக்குலா தேய்ந்தாலும் ஓரப்பார்வை எஞ்சியிருக்கும். உருப்பெருக்கியும் பயிற்சியும் கொண்டு அதைப் படிப்புக்கும் பணிக்கும் பயன்படுத்த முடியும்.

வீட்டளவில் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. மைனஸ் 6ஐத் தாண்டியவர் வாரத்துக்கு ஒரு முறை, கண்ணாடி அணிந்தபடி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சன்னல் கம்பியையோ கதவு நிலையையோ உற்று நோக்க வேண்டும். பிறகு மறு கண்ணால். இரு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால் நல்ல கண் நோயுற்ற கண்ணின் குறையை மூடிவிடும். கம்பி புதிதாக வளைந்தோ இடையில் அறுந்தோ தெரிந்தால் அடுத்த மாத முகாமுக்குக் காத்திராமல் அந்த வாரத்திலேயே விழித்திரை மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருத்துவமனையில் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து இடுவர். சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். ஆதலால் தனியே இரு சக்கர வண்டியில் செல்லாமல் துணையுடன் செல்வதும், மாணவராயின் தேர்வுக்கு முந்திய நாளைத் தவிர்ப்பதும், பழைய கண்ணாடிச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்வதும் நலம். எண் எந்த வயதில் எவ்வளவு ஏறியது என்பதை மருத்துவர் அச்சீட்டுகளிலிருந்தே அறிந்துகொள்வார்.